செவ்வாய்க்கிழமை வண்டி

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், எங்க சௌபாக்யா அபார்ட்மெண்ட்ல கெட்டவங்கன்னு யாரும் கிடையாது. இருபத்துநாலு வீடு, அத்தனை வீட்லயும் காலையில விளக்கேத்துவாங்க, வேலூர் வெயில்ல வேர்த்து வழிஞ்சு வர்ற கொரியர்காரனுக்குக் கேக்காமலே தண்ணி குடுப்பாங்க, யார் வீட்ல சாவு விழுந்தாலும் மூணு நாளைக்கு அந்த வீட்டு அடுப்பைப் பத்தவைக்க விடமாட்டாங்க. அதை மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க. நடுவுல எழுந்து போனா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

எங்க சங்கத் தலைவர் வரதராஜுலு சார் புதுசா சுவத்துல மாட்டுற டிவி வாங்கினதும், பழைய பொட்டி டிவியை ரெண்டு ஆளை வெச்சுத் தூக்கிட்டுப் போய்ப் பின்னாடி பாலாத்து மணல்ல போட்டுட்டு வந்தார். அதுல என்ன தப்பு, ஆத்துல தண்ணியா ஓடுது கெட்டுப்போறதுக்கு? நாங்க எல்லாரும் அங்கதான் போடுவோம். மூணாம் நாள் காலையில, சேனல் வராத டிவியில புள்ளி புள்ளியா இரையுமே, அந்தப் புள்ளி அவரோட ரெண்டு கண்ணுக்குள்ளயும் ஓட ஆரம்பிச்சது. கிட்ட நின்னு பார்த்தா நமக்கே தெரியும். அவர் சம்சாரம் சுலோசனா அதே வாரத்துல பழைய மிக்சியைப் போட்டாங்க, அவங்களுக்குத் தொண்டையில மிக்சி ஏறிடுச்சு, சாதாரணமாப் பேசினா ஒண்ணாம் நம்பர்ல ஓடும், கோவத்துல பேசினா மூணாம் நம்பர். நான் ஆத்துக்குக்கூடப் போகல, எரிஞ்சுபோன இஸ்திரிப் பொட்டியைத் தூக்கிப் பரண்ல போட்டேன், அவ்வளவுதான், மூணாம் நாள் என் வீட்டுக்காரர் தோள்ல கையை வெச்சேன், சட்டை பொசுங்கிடுச்சு.

டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் குடுத்தார். வேற என்ன செய்வார், பாவம். எங்க பக்கத்துல எல்லாருக்கும் விஷயம் புரிஞ்சு போச்சு: பழுதான சாமானை முறையாப் பிரிக்காம ஆத்துல போட்டாலும் சரி, பரண்ல போட்டாலும் சரி, அதோட குணம் வீட்டுக்காரங்க உடம்புல வந்து உக்காந்துக்கும். அதுக்கு வழி இல்லாமலும் இல்ல. கீழ் வீட்டு நர்ஸ் ஸ்டெல்லா, வாஷிங் மெஷின் கெட்டுப்போய் ரெண்டு நாள் வீட்டுக்குள்ள சுத்திச் சுத்தி வந்தவ, ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிற ஒரு ரீசைக்கிள் கம்பெனிக்குப் போன் போட்டா. வாசலுக்கே வண்டி வந்தது. கையுறை போட்ட ரெண்டு பேர் இறங்கி, அவகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கிட்டு, மோட்டாரைத் தனியா, வயரைத் தனியா, பிளாஸ்டிக்கைத் தனியான்னு வாசல்லயே பிரிச்சாங்க. கடைசி ஸ்க்ரூ கழண்டதும் அவ சுத்துறது நின்னு போச்சு.

"பத்தே நிமிஷம்தான் அக்கா, நீங்களும் குடுத்துடுங்க"ன்னு வீடு வீடா வந்து சொன்னா.

குடுத்திருப்போம். ஆனா அந்த வண்டி எங்க தெருவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் வருமாம். செவ்வாய்க்கிழமை! கேட்டதும் எங்க எல்லாருக்கும் திக்குனு ஆயிடுச்சு. செவ்வா, வெள்ளியில யாராவது ஒரு கரண்டி உப்பு கேட்டாலே நாளைக்கு வாங்கன்னு அனுப்புற குடும்பங்க நாங்க, வீட்டு இரும்பைத் தூக்கி வெளிய அனுப்புவோமா? சுலோசனா கம்பெனிக்குப் போன் பண்ணி, தொண்டை கர்ருனு இரைய, "கிழமையை மாத்துங்க சார், புண்ணியமாப் போகும்"னு கெஞ்சினாங்க. "புதன்கிழமை ஆரணி மேடம், வியாழன் குடியாத்தம், உங்களுக்குச் செவ்வாய்தான்"னு அவன் கறாராச் சொல்லிட்டான்.

சுலோசனாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது, நான் சொல்லல. சனிக்கிழமையில எள்ளும் இரும்பும் தானம் குடுத்தா தோஷம் வாங்கினவங்களோட போயிடும்னு காலங்காலமாக் குடுக்கிறோமே, இதுவும் இரும்புதானே, இதுவும் தோஷந்தானே? யாருக்குக் குடுக்கிறதுன்னு ஒருத்தரும் கேக்கல. பவுனம்மா அப்பதான் மாடிப்படியைக் கழுவிவிட்டுட்டு இருந்தா.

பவுனம்மா எங்கள்ல ஆறு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிறவ. ஆத்துக்கு அந்தக் கரை, முப்பத்திமூணு வயசு, புருஷன் ஏழுமலை அரிசி மில்லுல மூட்டை தூக்குறான், கல்யாணமாகிப் பதினோரு வருஷம், புள்ள இல்ல. எதைச் சொன்னாலும் சிரிப்பா. சாமானை முழுசாக் குடுத்தா அவ ஒத்தை ரூம்ல வெச்சுக்க இடமில்லன்னுட்டு, ஆத்து மணல்ல கிடந்ததையும் தேடிப் போய் வயரை நறுக்கி, பிளக்கை மட்டும் வெத்தலையில வெச்சு, மேல கொஞ்சம் எள்ளைத் தூவிக் குடுத்தோம்.

"இன்னாம்மா இது, பிளக்கு? இத்த வெச்சிக்னு நா இன்னா பண்றது?"

"புண்ணியம்டி. மனசார வாங்கிக்கிறேன்னு சொல்லி வாங்கிக்கோ."

"புண்ணியமா? அப்ப குடுங்க, வாணான்னா சொல்லுவேன்"னு சிரிச்சுக்கிட்டே ரெண்டு கையையும் நீட்டினா. "மனசார வாங்கிக்கிறேன்"னு அவ சொன்ன அந்த நிமிஷம் என் உள்ளங்கை ஆறிடுச்சு, சுலோசனா தொண்டை தெளிஞ்சிடுச்சு, வரதராஜுலு சார் கண்ணைத் துடைச்சுக்கிட்டு என்னமோ புதுசாப் பொறந்தவர் மாதிரி மரத்தையெல்லாம் பார்த்தார். பவுனம்மா கண்ணுல புள்ளி ஓடிச்சு, தொண்டை இரைஞ்சது, கை கொதிச்சது.

நாங்களும் பழகிட்டோம், அவளும் பழகிட்டா. சொல்லப்போனா சௌகரியமாத்தான் இருந்தது. துணியை இஸ்திரிக்குக் குடுக்கிறதையே நிறுத்திட்டோம். காட்டன் புடவையை மேசையில விரிச்சுப் போட்டா அவ உள்ளங்கையால அழுத்தி ஒரு நீவு நீவுவா, மடிப்பு கத்தி மாதிரி நிக்கும். என் வீட்டுக்காரரே ஆபீஸ் சட்டையை அவகிட்டதான் குடுப்பார். "எம் வூட்டுக்காரரு கிட்டயே வர மாட்டேன்றாரும்மா, தொட்டா சுடுதாம்"னு சொல்லி அதுக்கும் சிரிப்பா. அப்படியும் எப்படியோ, அது அவங்க பாடு, அடுத்த வருஷம் ஆவணியில அவ குளிக்காம இருந்தா.

அன்னைக்கு அவ ஆறு வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டு நிக்க வெச்சா. அவ சிரிக்காமப் பேசி நாங்க பார்த்தது அன்னைக்குத்தான். இரைஞ்ச தொண்டையில, "பதினோரு வருசம் கழிச்சி நின்னுக்குதும்மா. உங்க கால்ல வுழுறேன், இது பொறந்து வர்ற வரிக்கும் எனுக்கு எதுவும் குடுக்காதீங்க. பொறந்தப்புறம் எல்லாத்தையும் எந்தலையில கொட்டுங்க, வாங்கிக்கிறேன். இத்த மட்டும் வுட்டுடுங்க"ன்னா. நாங்க கண்ணு கலங்கிட்டோம். சத்தியமாக் குடுக்க மாட்டோம்னு சொன்னோம், நான்தான் முதல்ல சொன்னேன்.

தை மாசம் என் ஃப்ரிட்ஜ் நின்னு போச்சு. பத்தொன்பது வருஷம் முன்னாடி சீரா வந்த ஃப்ரிட்ஜ். மூணாம் நாள் குளிர் எனக்குள்ள இறங்கிச்சு பாருங்க, அதை நான் எப்படிச் சொல்வேன், மூணு கம்பளிக்குள்ளயும் பல்லு தந்தியடிக்கும், கையில வாங்கின காபி வாய்க்குப் போறதுக்குள்ள ஆடை கட்டிடும், என் வீட்டுக்காரர் தலைகாணியைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டார். ஸ்டெல்லா, "அக்கா, நாளைக்குச் செவ்வாய், நான் போன் பண்றேன், நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னா. அவருக்குச் சர்க்கரை, தினமும் ஊசி. சீரா வந்த பொருளைச் செவ்வாய்க்கிழமை வெளிய அனுப்பி அவருக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா, ஸ்டெல்லாவா வந்து எனக்குப் பதில் சொல்வா? ஃப்ரிட்ஜைப் பால்கனியில நிறுத்தி உள்ள பருப்பு டப்பாவெல்லாம் அடுக்கினேன். நல்ல அலமாரி, எறும்பு வராது.

மாசி மாசம் பவுனம்மாவுக்கு ஏழு. வளைகாப்பு நம்ம சங்க ஹால்லயே போட்டுடலாம்னு நான் சொன்னேன். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க, நான் கம்பளிக்குள்ள நடுங்கிட்டு இருந்தேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. என்ன நல்ல யோசனைன்னு சுலோசனா கையைத் தட்டினாங்க.

அஞ்சு வகை சாதம் செஞ்சோம், வாசல்ல மாவிலை கட்டினோம், சங்கத் தலைவர் உக்கார்ற நாற்காலியில பட்டுத்துணி விரிச்சு அவளை உக்கார வெச்சோம். எனக்கா, எனக்கான்னு கேட்டுக் கேட்டு அழுதா அவ. கை சூட்டுல கண்ணாடி வளையல் தெறிச்சிடும்னு, ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால அவ கையைப் பானைத் தண்ணியில முக்கி எடுத்துப் போட்டுவிட்டோம். கன்னத்துல சந்தனம் பூசினோம். அப்புறம் மடி நிறைக்கிறது. ஒவ்வொருத்தரா வந்து வெத்தலை, மஞ்சக்கிழங்கு, பூன்னு அவ மடியில போட, ஒவ்வொண்ணுக்கும் மனசார வாங்கிக்கிறேன்னு சொல்லணும்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தோம். அவளும் சொல்லிக்கிட்டே வந்தா, அழுதுகிட்டும் சிரிச்சுக்கிட்டும்.

கடைசியா நான். சுருட்டின வெத்தலையை மடியில போட்டேன், அது பூவுக்கு நடுவுல கனமா விழுந்துச்சு. அவ அதை விரலால தொட்டுப் பார்த்தா. தொட்டதும் தெரிஞ்சு போச்சு அவளுக்கு. அந்தப் புள்ளி ஓடுற கண்ணால என்னை நிமிர்ந்து பார்த்தா, நானும் பார்த்தேன், ஹால்ல இருந்த அத்தனை பொம்பளைங்களும் வேற எங்கயோ பார்த்தாங்க. மடியில விழுந்ததை எந்தப் புள்ளத்தாச்சி எடுத்து வெளிய போடுவா? புள்ளைக்கு ஆகாதே. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"சொல்லுடி, நல்ல நேரம் போகுது"ன்னாங்க சுலோசனா.

"மனசார வாங்கிக்கிறேன்"னா. எனக்கு வேர்த்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு வந்த வேர்வை, என்ன சுகம்கிறீங்க. கம்பளியை அவுத்துப் போட்டுட்டு எலுமிச்சை சாதம் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அவளுக்குக் குளிரவே இல்ல. அப்ப புரியல எங்களுக்கு. சித்திரை பத்தாம் தேதி பொம்பளைப் புள்ள பொறந்தது. ஸ்டெல்லா அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரியில டியூட்டி. உசிரு இருக்கு, அழுகை இருக்கு, எடை இருக்கு, ஆனா உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் ஐஸுன்னு சொன்னா. மடியில போட்டது மடிக்குள்ள இருந்ததுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. பெத்தவ ஆசையா வாங்கிப் பாதத்தைத் தொட்டிருக்கா, சுண்டுவிரல் தண்ணியாச் சொட்டி விழுந்திருக்கு. குண்டுமணி அளவு விரல். ஸ்டெல்லா புள்ளையை வெடுக்குனு பிடுங்கிட்டாளாம்.

பூரணின்னு பேர் வெச்சா. அந்தப் புள்ளையை யார் வேணாத் தூக்கலாம், நான் தூக்கலாம், நீங்க தூக்கலாம், ரோட்ல போறவன் தூக்கலாம், ஜில்லுனு இருக்கும், ஒண்ணும் ஆகாது. பெத்தவ மட்டும் தூக்க முடியாது. பால் குடுக்கிறதுன்னா ஸ்டெல்லாவோ ஏழுமலையோ மாரோட சேர்த்துப் பிடிச்சுக்கணும், பவுனம்மா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்குவா. தூளியை ஆட்டணும்னா தூரமா உக்காந்து கயித்தைப் பிடிச்சு இழுப்பா.

கத்திரி ஆரம்பிச்ச அன்னைக்கு அவளை வேலைக்கு வரச் சொல்லிட்டோம், புள்ளையோட. தப்பா எடுத்துக்காதீங்க, ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு, புதுசு வர ஒரு மாசம் ஆகும்னுட்டாங்க, நாள் பூரா கரண்ட் இல்ல, ஊரே அடுப்புக்குள்ள இருக்குது. ஹால் நடுவுல தூளியைக் கட்டினோம். புள்ளையைச் சுத்திப் பால் பாக்கெட்டை அடுக்கினோம், தயிரை வெச்சோம், என் வீட்டுக்காரர் இன்சுலினைத் துணியில சுத்தி அதோட தலைமாட்டுல வெச்சேன். மத்தியானம் பாய் விரிச்சு எல்லாரும் தூளியைச் சுத்திப் படுத்துக்குவோம். யார் மடியில புள்ளைங்கிறதுக்கு முறை போட்டுக்கிட்டோம். எங்களுக்கு உசிருங்க அந்தப் புள்ள மேல. கொஞ்சாத ஆள் கிடையாது.

முதல் செவ்வாய் பவுனம்மா என் வாசல்ல வந்து நின்னா.

"அம்மா, அந்த ஃப்ரிட்ஜையும் பரண்ல கீற இஸ்திரிப் பொட்டியையும் இன்னிக்கி வண்டில குடுத்துடுங்கம்மா. வூட்டுக்காரங்க கையெழுத்து போட்டாத்தான் எடுப்பாங்களாம். ரெண்டுல ஒண்ணு குட்தாக்கூடப் போதும், எம் புள்ளைய நான் தூக்கிக்குவேன்."

"இன்னைக்குச் செவ்வாய்டி. அவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

"உங்குளுக்கு ஒண்ணும் ஆவாதும்மா, நா தினம் வேண்டிக்கிறேன்"னா. பார்க்கலாம்னு சொல்லி அனுப்பினேன்.

ரெண்டாவது செவ்வாய் வந்தா. கரண்ட் இல்லாம இன்சுலினை நான் எங்க வைப்பேன், கத்திரி முடியட்டும்னு சொன்னேன். அதுல ஒரு நியாயம் இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க. ஸ்டெல்லா மாடியேறி வந்து, "பெத்தவ புள்ளையத் தூக்க முடியலையேக்கா, நீங்களும் ஒரு பொம்பளைதானே, சோறுதான் திங்கிறீங்களா"ன்னு இருபத்துநாலு வீடும் கேக்கக் கத்தினா. வரதராஜுலு சார் அவளைக் கூப்பிட்டு, சங்கத்துல பெரும்பான்மை என்ன நினைக்குதோ அதுதான் நடக்கும்மான்னு தன்மையா எடுத்துச் சொன்னார்.

மூணாவது செவ்வாய் காலையில வண்டி வந்து கேட்டுக்கு வெளிய ஹாரன் அடிச்சது. பவுனம்மா வந்து என் கால்ல விழுந்தா. சூடான கையால காலைத் தொட்டுடக்கூடாதுன்னு ரெண்டு கையையும் தலைக்குப் பின்னால கட்டிக்கிட்டு, நெத்தியால என் பாதத்தைத் தொட்டா. நான் வேணாம்னு சொல்லல. பருப்பு டப்பாவை எல்லாம் எடுத்து வைக்கணுமே, அடுத்த வாரம் கண்டிப்பாடின்னேன். வண்டி ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுட்டுப் போயிடுச்சு.

அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு ஹால்ல படுத்திருந்தோம். வெயில் வெளிய கொளுத்துது, தூளியைச் சுத்தி ஜில்லுனு இருக்குது, எல்லாருக்கும் கண்ணு சொருகிடுச்சு. ஸ்டெல்லா டியூட்டிக்குப் போயிருந்தா, ஏழுமலை மில்லுல. புள்ள அழ ஆரம்பிச்சது. பசி அழுகை. பவுனம்மா கயித்தை இழுத்து இழுத்து ஆட்டினா, நிக்கல.

"அம்மா, யாருனா கொஞ்சம் தூக்கிப் புடிங்கம்மா, பால் குடுத்துடுறேன்."

நான் முழிச்சுத்தான் இருந்தேன். அன்னைக்கு என் முறை இல்ல, சுலோசனா முறை. அவங்களும் முழிச்சுத்தான் இருந்தாங்க, இமை ஆடினது எனக்குத் தெரிஞ்சது. வேற யாராவது எழுந்திரிப்பாங்கன்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

"அம்மா, புள்ள வீறிட்டு அழுவுதும்மா. யாருனா எழுந்திரீங்கம்மா."

மூணாவது தடவை அவ கூப்பிடவே இல்ல. அழுகை பட்டுனு நின்னுச்சு. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். தூக்கிட்டா. நெஞ்சோட சேர்த்து, ரெண்டு கையாலயும், முதுகுல ஒண்ணு, தலையில ஒண்ணு. அந்தப் புள்ள தன் அம்மாவை அண்ணாந்து பார்த்து, வாயைத் திறந்து, கன்னம் குழிய, சொன்னா நம்பமாட்டீங்க, சிரிச்சது. பவுனம்மா அதை இறக்கிவிடவும் இல்ல, கத்தவும் இல்ல. வாசம் பிடிக்கிறவ மாதிரி அது உச்சந்தலையில மூக்கை வெச்சுக்கிட்டு அப்படியே நின்னா. ஆவி எழும்பிச்சு. அவ முழங்கையில இருந்து தண்ணி சொட்டி, புடவையெல்லாம் நனைஞ்சு, ஹால் தரையில ஓடி, எங்க பாய்க்கு அடியில வந்துச்சு. கடைசியில அவ கையில ஈரச்சட்டை ஒண்ணுதான் இருந்தது.

எல்லாரும் பாயைச் சுருட்டிக்கிட்டு எழுந்தோம். வரதராஜுலு சார் வந்து எட்டிப் பார்த்து, வழுக்கி விழுந்துடப் போறாங்கன்னு மட்டும் சொன்னார். பவுனம்மா போய் மாப் துணியையும் பக்கெட்டையும் எடுத்துட்டு வந்து, முட்டி போட்டு, அந்தத் தண்ணியை ஒரு சொட்டு விடாம ஒத்தி ஒத்தி எடுத்தா. பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு ஆத்து மணல் வழியா அவ வீட்டுக்கு நடந்தா. அன்னைக்குச் சாயங்காலமே கரண்ட் வந்துடுச்சு.

அடுத்த செவ்வாய் நானே போன் பண்ணி வண்டியை வரவழைச்சேன். மனசாட்சின்னு ஒண்ணு இல்லாமலா போயிடும் எனக்கு? பருப்பு டப்பாவை இறக்கி வெச்சேன், அஞ்சு நிமிஷம்கூட ஆகல. பரண்ல இருந்து இஸ்திரிப் பொட்டியையும் இறக்கிக் குடுத்தேன். ஒரு கையெழுத்து. ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்த கேஸைக் குழாய் வெச்சுச் சிலிண்டர்ல பிடிச்சாங்க, கம்பியைத் தனியா எடுத்தாங்க, தகரத்தைத் தனியா எடுத்தாங்க, இஸ்திரிப் பொட்டியோட அடித்தட்டைக் கழட்டினாங்க. நான் பால்கனியில நின்னு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன், ஸ்டெல்லா சொன்னது சரி, பத்தே நிமிஷம். என் வீட்டுக்காரர் உள்ள பேப்பர் படிச்சுக்கிட்டு நல்லாத்தான் இருந்தார்.

சமையக்கட்டுல பவுனம்மா பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தா. பதினாறு நாள் கழிச்சு வாடின்னுதான் சொன்னேன், அவதான் கேக்காம வந்துட்டா. தண்ணி சத்தம் திடீர்னு நின்னு போச்சேன்னு உள்ள போனேன். குழாயை மூடிட்டு, ரெண்டு உள்ளங்கையையும் முகத்துக்கு நேரா விரிச்சுப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டு நின்னா. கன்னத்துல வெச்சுப் பார்த்தா, வயித்துல வெச்சுப் பார்த்தா, அப்புறம் என் பக்கம் திரும்பினா.

"அம்மா, கை ஆறிடிச்சிம்மா"ன்னா.

பால் குண்டான் தேய்க்காம இருந்தது, அதை எடுத்து அவ கையில குடுத்தேன்.